கத்துக்கப் போறவளுக்கு எதுக்குங்க பொம்மை மெஷின்?

இன்னைக்குக் கொஞ்சம் கோவமாத்தான் எழுதப் போறேன். காரம் ஆகாதவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, அதுல வாழைப்பூ வடை இருக்கு.

போன மாசம் ஒரு சாயங்காலம். எங்க தெருவுல மூணாவது வீட்டு அக்கா ஒரு அட்டைப்பெட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து திண்ணையில உக்காந்தாங்க. "தங்கச்சி, இதைக் கொஞ்சம் பாரேன், தைக்கவே மாட்டேங்குது" ன்னாங்க. திறந்து பார்த்தா வெள்ளையும் ரோஸுமா ஒரு குட்டி பிளாஸ்டிக் மெஷின். எங்க வீட்டு மிக்ஸி அதைவிடக் கனம்.

அந்த அக்கா வயல்வேலைக்குப் போறவங்க. முன்னாடியெல்லாம் நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு வருஷத்துல பல மாசம் கை ஓயாது. இப்ப நடவுக்கும் மெஷின் வந்தாச்சு, அறுப்புக்கும் வந்தாச்சு. களைக்கு மருந்து அடிச்சுடறாங்க. மேட்டூர் ஜூன் 12ல திறந்தாத்தான் எங்க பக்கம் குறுவைப் பேச்சே. 2024ல ஜூலை 28ந் தேதிதான் திறந்தாங்க. அந்த வருஷம் பாதி நாள் சும்மா உக்காந்திருந்தேன், அப்பதான் தையல் கத்துக்கணும்னு முடிவு பண்ணினேன்னு சொன்னாங்க. 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் இருக்கில்லையா, அதுலேருந்து மாசம் இருநூறு, முந்நூறுன்னு சேத்து வச்சு வாங்கின மெஷின் இது. 2,200 ரூபாய். பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கு: வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது, புதிதாகக் கற்பவர்களுக்கு மிக எளிது.

சரின்னு நானும் உக்காந்து பார்த்தேன். டூ பை டூ துணி ரெண்டு மடிப்பு, ஏதோ தைச்சுது. ஜாக்கெட்டுல தோள்பட்டையும் கையும் சேருற இடம் தெரியும்ல, நாலஞ்சு மடிப்பு வரும். அங்க வந்ததும் முனகுச்சு. அப்பறம் நின்னுச்சு. அப்பறம் லேசா ஒரு கருகல் வாசனை. கழட்டிப் பார்த்தா ஊசி வளைஞ்சு போயிருக்கு. அந்த அக்கா என்னைப் பார்த்து, "எனக்குத்தான் கை வரலையோ?" ன்னு கேட்டாங்க பாருங்க... அங்கதான் எனக்குக் கோவம் வந்தது.

கை வராம இல்லைங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நாத்து நட்ட கை அது. மெஷின் சரியில்லை. ஆனா மெஷின் சரியில்லாதப்ப "எனக்கு வராது" ன்னு நினைச்சுக்கறவங்க நம்ம வீட்டுப் பொம்பளைங்கதான். எத்தனை பேரோட தையல் இப்படி முதல் மாசத்துலயே முடிஞ்சு போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால இந்தப் பதிவோட சாரத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர்ல, வீட்டுல உக்காந்து தையல் கத்துக்க நினைக்கிற ஒருத்தருக்கு ஏத்த மெஷின், டெய்லர் கடையில இருக்குற அதே கறுப்பு இரும்பு கால் மெஷின்தான். "வீட்டு உபயோகம்", "ஆரம்பநிலை" ன்னு ரெண்டு வார்த்தையைப் போட்டு விக்கிறதுல பெரும்பாலானது நம்மளை ஏமாத்துற வேலை. புதுசா கத்துக்கறவங்களுக்கு மட்டமான சாமான் போதும்கிறது எந்த ஊர் நியாயம்? தேர்ந்த டெய்லர் மட்டமான மெஷின்லயும் சமாளிச்சுடுவார். கோளாறு மெஷின்ல இருக்கா தன் கையில இருக்கான்னு அவருக்குத் தெரியும். புதுசா வர்றவளுக்குத் தெரியாது. அப்ப நல்ல மெஷின் யாருக்குங்க ரொம்ப அவசியம்?

கத்துக்கறவங்களுக்கு என்ன வேணும்னு வரிசையா பார்ப்போம்.

முதல்ல, மெதுவா ஓடணும். கால் மெஷின்ல வேகம் உங்க பாதத்துல இருக்கு. ஒரு தையல் போட்டு நிறுத்தணும்னா நிறுத்தலாம். கம்பெனிகள்ல இருக்குற பவர் மெஷின் நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடும். அது திருப்பூருக்குச் சரி. வீட்டு மோட்டார் அவ்வளவு வேகம் இல்லைன்னாலும், புதுசா உக்காந்தவங்க பெடலைத் தொட்டதும் துணி விர்ருன்னு ஓடிடும், விரல் எங்க இருக்குன்னு பார்க்கறதுக்குள்ள.

ரெண்டாவது, கனமா இருக்கணும். கறுப்பு மெஷின்ல தலை மட்டுமே பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். இரும்பு ஸ்டாண்டு தனி. கனம்னா சுமைன்னு விளம்பரத்துல சொல்றாங்க. நீங்க என்ன மெஷினை இடுப்புல தூக்கிக்கிட்டு ஊர்வலமா போகப் போறீங்க? கனமா இருந்தாத்தான் ஆடாது. ஆடலைன்னாத்தான் தையல் நேரா வரும்.

மூணாவது, பூட்டுத்தையல் போடணும். மேல் நூலும் பாபின் நூலும் ஒன்னையொன்னு நடுவுல பிடிச்சுக்கறது பூட்டுத்தையல். டிவியில காட்டுற, ஸ்டேப்ளர் மாதிரி கையில பிடிச்சு அமுக்குற சாதனம் ஒன்னு இருக்கே, அது போடுறது ஒத்தை நூல்ல சங்கிலித் தையல். அரிசி மூட்டை வாயைப் பிரிக்கத் தெரியுமில்லையா? சரியான நுனியைக் கண்டுபிடிச்சு இழுத்தா சர்ருன்னு மொத்தமா உருவிக்கிட்டு வரும். மூட்டைக்கு அது வசதி. ஜாக்கெட்டுக்கு? கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்திருக்கும்போது நுனி ஒன்னு எங்கயாவது மாட்டிச்சுன்னா... நான் சொல்ல வேண்டாம் :)

நாலாவது, ரொம்ப முக்கியமானது: ரிப்பேர் ஆனா உள்ளூர்லயே சரி பண்ண முடியணும். கறுப்பு மெஷினுக்கு பாபின், பாபின் கேஸ், பெல்ட், ஊசி எல்லாம் ஒரத்தநாட்டுலயும் கிடைக்கும், பட்டுக்கோட்டையிலயும் கிடைக்கும். பக்கத்து டெய்லர் கடை அண்ணனே ஒரு ஸ்க்ரூடிரைவரை வச்சுச் சரி பண்ணிக் கொடுத்துடுவார். பிளாஸ்டிக் மெஷின்ல உள்ள ஒரு பல்சக்கரம் உடைஞ்சா என்ன பண்ணுவீங்க? அந்த அக்கா பெட்டியில போட்டிருந்த நம்பருக்கு நாலு நாள் அடிச்சாங்க, யாரும் எடுக்கலை. பெரிய கம்பெனி மின்சார மெஷின்னாலும், உள்ள எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா அதுக்குன்னு இருக்குற சர்வீஸ் ஆளைத் தேடி திருச்சியோ எங்கயோ தூக்கிக்கிட்டு அலையணும். அறுவடை சமயத்துல நம்ம ஊர் வீடுகள்ல எவ்வளவு தூசி ஏறும்னு உங்களுக்கே தெரியும். இரும்பு மெஷின்னா தூசியைத் துடைச்சு நாலு சொட்டு எண்ணெய் விட்டா முடிஞ்சது.

அடுத்து கரண்ட். "இப்பதான் கரண்ட் போறதே இல்லையே" ன்னு ஒருத்தர் சொல்வார். அவருக்கு கஜா புயலை ஞாபகப்படுத்தறேன்.

2018 நவம்பர் 16 விடியக்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடுன்னு எங்க பக்கத்துத் தென்னந்தோப்பெல்லாம் படுத்துடுச்சு. கரண்டு கம்பம் எல்லாம் சாஞ்சு, எங்க ஊருக்கு லைட் எரிய இருபது நாளைக்கு மேல ஆச்சு. நிவாரண லாரியில நைட்டி, சுடிதார், சட்டைன்னு மூட்டை மூட்டையா துணி வந்துச்சு. கொடுத்த மகராசங்க நல்லா இருக்கணும், ஆனா ஒன்னும் யாருக்கும் அளவு சேரலை. எங்க வீட்டுல அப்பாயி காலத்துக் கறுப்பு மெஷின் இருக்கு. அதை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெளிச்சம் இருக்குற வரைக்கும் தெருவுல எல்லாருக்கும் பிடிச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தோம் நானும் என் நாத்தனாரும். ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல இருபது டிசைன் போடுற புது மின்சார மெஷின் இருந்துச்சு. அதுக்கு மேல துணியைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க, பாவம். காஜா எடுக்கறதுக்குன்னு தனி பட்டன் எல்லாம் உண்டு அதுல. கஜா வந்தப்ப அந்தக் காஜா உதவலை.

சரி, இதையெல்லாம் தாண்டி ஒரு விஷயம் இருக்கு. எனக்கு உண்மையிலேயே உறுத்தறது அதுதான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி எங்க வேணும்னாலும் போய்ப் பாருங்க. டெய்லர் கடையில ஆம்பளைங்க உக்காந்து தைக்கிறது கறுப்பு இரும்பு மெஷின், இல்லைன்னா பவர் மெஷின். அது தொழில். பொம்பளைக்குன்னு வந்தா மட்டும் "வீட்டு உபயோகம்". லேசானது, அழகானது, ரோஸ் கலரு. ஏன்னா அவ சும்மா பொழுதுபோக்குக்குக் கிழிசல் தைக்கப் போறான்னு ஒரு நினைப்பு. எங்க ஊர்ல சாதா ஜாக்கெட் தைக்க நூறு ரூபாய்க்கு மேல, லைனிங் வச்சா இருநூறைத் தாண்டுது. ஒரு பொம்பளை கத்துக்கிட்டு ஒரு நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் தைச்சாலே வீட்டுச் செலவுல பாதியைத் தூக்கிடலாம். அந்த மாதிரி ஒரு வருமானத்துக்கு வாசல்படியா இருக்க வேண்டிய சாமானை, விளையாட்டுச் சாமான் ஆக்கி விக்கிறாங்க.

சீர்வரிசையில வர்ற மெஷின் கதை இன்னொரு மாதிரி. கட்டில், பீரோ, கிரைண்டரோட அதுவும் வரும். வந்த அன்னைக்கே ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடி, மேல டிவியை வச்சுடுவாங்க. கொடுத்தவங்களும் தைப்பான்னு நினைச்சுக் கொடுக்கலை, வாங்கினவங்களும் தைக்கணும்னு வாங்கலை. அந்த மாதிரி மூடிக் கிடக்குற நல்ல இரும்பு மெஷின் ஒவ்வொரு தெருவுலயும் ரெண்டாவது இருக்கும். அது அங்க டிவி ஸ்டாண்டா நிக்கும்போது, வயல்வேலைக்குப் போற அக்கா உரிமைத்தொகையைச் சேத்து பொம்மை வாங்கறாங்க. இதுக்குக் கோவப்படாம எதுக்குங்க கோவப்படறது?

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். 1924ல டெல்லியில ராமச்சந்திரன்னு ஒரு இளைஞர் காந்தியைப் பார்த்து, நீங்க எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீங்களான்னு கேட்டார். காந்தி விதிவிலக்குன்னு எடுத்துச் சொன்ன பொருள் சிங்கர் தையல் மெஷின். (அந்த ராமச்சந்திரன்தான் பின்னாடி 1947ல, திண்டுக்கல் பக்கத்துல, மனைவி சௌந்தரம் அம்மாவோட சேர்ந்து காந்திகிராமத்தை ஆரம்பிச்சவர்.) பெண்டாட்டி கையால தைச்சுக் கஷ்டப்படறதைப் பார்த்து, அவ மேல இருந்த அன்புனால சிங்கர் இதைக் கண்டுபிடிச்சார்னு காந்தி நம்பினார். நிஜத்துல ஐசக் சிங்கர் வாழ்க்கை அவ்வளவு காவியம் இல்லை. ஒன்னுக்கு மேல குடும்பம், பிள்ளைங்க மட்டும் இருபதுக்கு மேல. அதை விடுங்க. அவர் 1851ல காப்புரிமை வாங்கினார், 1856 வாக்குல அவர் கம்பெனி தவணைமுறையில மெஷின் விக்க ஆரம்பிச்சுது. இன்னைக்கு நம்ம கழுத்தைப் பிடிக்கிற இஎம்ஐயை ஊர் உலகத்துல பரப்பினதுல தையல் மெஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா அந்தக் காலத்துல தவணைக்கு வாங்கின மெஷின், தவணை முடிஞ்சும் தலைமுறைக்கு ஓடுச்சு. இப்ப தவணை முடியறதுக்குள்ள மெஷின் முடிஞ்சு போகுது.

காந்தி ஏன் அதை ஒத்துக்கிட்டார்னு யோசிச்சா விஷயம் புரியும். மனுஷனைத் துரத்தற மெஷின் ஒன்னு, மனுஷன் கைக்கு அடங்குற மெஷின் ஒன்னு. கால் மெஷின் ரெண்டாவது வகை. நீங்க மிதிச்சா ஓடும், நிறுத்தினா நிக்கும், கெட்டா நீங்களே பிரிச்சுப் பார்க்கலாம்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன். நியாயமான கேள்விகளும் இருக்கு, மறுக்கலை.

"முழங்கால் வலி இருக்கே?" இருந்தா மிதிக்காதீங்க. அதே கறுப்பு மெஷின்ல சின்ன மோட்டார் பொருத்திக்கலாம், கைப்பிடி போட்டுக் கையாலயும் சுத்தலாம். கால் முடியாதவங்களுக்கும் அதுதான் வழி. பெல்ட்டை மாத்தினா திரும்பக் கால் மெஷின். எந்த பிளாஸ்டிக் மெஷினுக்கு இந்த வசதி இருக்கு?

"ஜிக்ஜாக் வேணுமே, ஓரம் அடிக்கணுமே, காஜா?" உண்மைதான், சாதா கறுப்பு மெஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஆனா முதல் ஒரு வருஷம் நீங்க தைக்கப் போற தலையணை உறை, பாவாடை, நைட்டி, ஜாக்கெட் எல்லாத்துக்கும் நேர்த்தையலே போதும். சேலை ஓரமும் ஓவர்லாக்கும் கடையில கொடுத்து அடிச்சுக்கலாம். காஜாவைக் கையால எடுக்கக் கத்துக்கங்க, ஒன்னும் குறைஞ்சு போயிடாது.

"நாங்க சென்னையில ஃபிளாட்டுல இருக்கோம், இடமில்லை, குழந்தைக்குக் கவுன் தைக்கத்தான்" அப்படின்னா, ஒரு நல்ல ஜிக்ஜாக் மெஷினா பார்த்து வாங்குங்க, உங்களோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா அதுலயும் ரெண்டாயிரம் ரூபாய் குட்டி மெஷின் பக்கம் போகாதீங்க. நான் பேசறது எங்க ஊரைப் பத்தி, கைக்காசு போட்டா அது திரும்பி வரணும்ங்கிற நிலைமையில இருக்கறவங்களைப் பத்தி.

"புதுசு விலை அதிகமாச்சே?" ஸ்டாண்டோட சேத்து ஏழெட்டாயிரத்துலேருந்து பத்தாயிரம் வரைக்கும் ஆகும், கடைக்குக் கடை மாறும். அதனாலதான் சொல்றேன், பழசு வாங்குங்க. பழசு வாங்கப் போறப்ப இதையெல்லாம் பாருங்க:

சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. ஒரு இடத்துலயும் பிடிக்கக் கூடாது, கடகடன்னு சத்தம் வரக் கூடாது. ஊசி மாட்டுற கம்பியை ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா தேய்மானம், வேண்டாம். துணியை நகத்துற பல்லைத் தடவிப் பாருங்க, மொழுக்குன்னு இருந்தா துணி நகராது. வீட்டுலேருந்தே துணி எடுத்துக்கிட்டுப் போங்க, மெல்லிசு ஒன்னு, நாலு மடிப்பு போட்டது ஒன்னு. தைச்சுட்டு மேலயும் கீழயும் திருப்பிப் பாருங்க, ரெண்டு பக்கமும் தையல் ஒரே மாதிரி இருக்கணும். தையல் நீளம் மாத்துற லீவரை மேல தூக்கினா பின்பக்கம் தைக்குதான்னு பாருங்க. ரொம்பப் பழசுல அது இருக்காது. இல்லைன்னாலும் துணியைத் திருப்பிப் போட்டு முடிச்சு போட்டுக்கலாம்.

முக்கியமா ஒன்னு. சக்கரம் இறுகிப் போயிருந்தா உடனே கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. நம்ம ஊர்ல பாதி மெஷின் இறுகறதுக்குக் காரணம் தேங்காயெண்ணெய். வீட்டுல இருக்குதேன்னு ஊத்திடறாங்க, அது நாளாக ஆகப் பிசினாயிடும். மண்ணெண்ணெய் விட்டு நல்லா ஓட்டிக் கழுவி, துடைச்சுட்டு, மெஷின் எண்ணெய் விட்டா பல மெஷின் உயிர் பிழைச்சுக்கும். எங்க அப்பாயி மெஷினே அப்படிப் பிழைச்சதுதான்.

ஊசியும் அப்படித்தான். மெல்லிசான டூ பை டூவுக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, கனமான துணிக்கு 16. தையல் விட்டு விட்டு வந்தா மெக்கானிக்கைத் தேடறதுக்கு முன்னாடி புது ஊசியை மாத்திப் பாருங்க. சில ரூபாயில முடிஞ்சு போற வியாதி அது.

அப்பறம், வாங்கறதுக்கு முன்னாடியே பழகுங்க. சமூக நலத்துறையில சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்னு ஒன்னு இருக்கு. கைம்பெண்கள், கணவரால கைவிடப்பட்டவங்க, மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். அதுல தையல் தெரியும்ங்கிறதுக்கு ஆறு மாசப் பயிற்சிச் சான்றிதழ் கேக்கறாங்க. நியாயமான நிபந்தனை. முதல்ல கை, அப்பறம்தான் மெஷின். ஆனா வயசு 20லேருந்து 40க்குள்ள இருக்கணுமாம். இதுல எனக்கு உடன்பாடு இல்லை. எங்க தெரு அக்காவுக்கு நாப்பத்து மூணு. நடவு வேலை கையை விட்டுப் போறதே இந்த வயசுலதான். அப்பதானே வேற தொழில் வேணும்? நாப்பதைத் தாண்டினா ஊசியில நூல் கோக்க முடியாதுன்னு யாரு சொன்னது? கண்ணாடி போட்டுக்கிட்டுக் கோத்துட்டுப் போறோம்!

அந்த அக்கா கதையை முடிச்சுடறேன். பொம்மை மெஷினைத் திருப்பி அனுப்ப முடியலை, நாள் தாண்டிப் போச்சுன்னுட்டாங்க. 2,200 ரூபாய் போனது போனதுதான். இப்ப மத்தியானம் ரெண்டு மணி வாக்குல எங்க வீட்டுக்கு வர்றாங்க. அப்பாயி மெஷின்ல நாலு நாள் பாதத்தைத் தூக்கி விட்டுட்டு வெறும் பெடல் மட்டும் மிதிச்சாங்க. முதல்ல சக்கரம் பின்னாடி சுத்தும், நூல் போட்டிருந்தா சிக்கிக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். அப்பறம் பையனோட கோடு போட்ட நோட்டுலேருந்து தாள் கிழிச்சு, நூல் கோக்காம கோட்டு மேலயே ஓட்டப் பழகினாங்க. நேத்து ஒரு பக்கம் முழுக்க கோடு தப்பாம ஓட்டி, தாளை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க. ஓட்டை எல்லாம் வரிசையா தெரிஞ்சுது. "நாத்து முடிச்சு வச்ச மாதிரி இருக்குல்ல?" ன்னாங்க.

கை வராதாமே, கை!

பி.கு: உங்க வீட்டுல டிவிக்குக் கீழ ஒரு மெஷின் கிடந்தா, தயவுசெஞ்சு டிவியை நகத்தி வைங்க. உங்களுக்கு வேண்டாம்னா தெருவுல கேட்டுப் பாருங்க. வேணுங்கறவங்க மூணாவது வீட்டுலயே இருப்பாங்க.